காட்டிலிருந்து வந்த அத்தை மகன்

ஜப்பான்காரன் வந்த பிறகு என் அத்தை மகன் சில பால்வெட்டு ஆட்களைச் சேர்த்துக்கொண்டு எங்கள் ரப்பர் தோட்டத்துக்குப் பின்னாலிருந்த காட்டுக்குள் போனார். வெள்ளைக்காரத் துரை விட்டுவிட்டு ஓடிய துப்பாக்கிதான் அவர்களுடைய முதல் ஆயுதம். பகாவ் சாலையில் ராணுவ லாரிகளை மறித்து அடித்தார்கள். தோட்டக் கூலிகள் குடியிருந்த லயத்துச் சனங்களுக்கு அவர் தலைவர். எனக்குப் பேசிவைத்த மாப்பிள்ளை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனால் தோட்டத்து ஆபீசில் வேலை கிடைத்தது. ஜப்பான் பேச்சும் சீக்கிரம் பிடிபட்டது. ஆனால் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனவள் பக்கத்து வீட்டுக்காரி. அவள் பால்வெட்டும் மர நிரை காட்டோரம். பால் வாளியில் அவித்த மரவள்ளிக்கிழங்கை மறைத்துக் கொண்டுபோவாள். திரும்பி வந்து, "ஒங்க மாமாவுக்கு உப்பு பத்தலையாம்லா" என்று என்னிடமே சொல்வாள். அவர் பக்கத்தில் அந்த இடம் என்னுடையது.

ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில் அவரே எங்கள் வீட்டுக்கு வந்தார். போனவர் திரும்பாத சயாம் ரயில் பாதை வேலைக்கு ஆள் பிடிக்க ராணுவம் எப்போது வரும் என்று அவருக்குத் தெரியவேண்டும். பேசிவைத்த பெண் மாப்பிள்ளை எதிரே வரக்கூடாது. நான் சாக்குத் திரைக்குப் பின்னால் நின்றேன். கூடவே வந்த பக்கத்து வீட்டுக்காரி அவர் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"நாளைக்குன்னு பேசிக்கிறாங்க" என்றாள்.

"யாரு?"

"எல்லாருந்தான்."

ஆபீசில் ஜப்பான் அதிகாரி சொன்னதை நான் என் காதால் கேட்டிருந்தேன். அம்மாவின் காதில் சொன்னேன். "வாய மூடுடி" என்றாள் அம்மா. அவர் எழுந்துவிட்டார்.

நான் திரையை விலக்கிக்கொண்டு வந்தேன்.

"நாளைக்கு இல்ல. நாளன்னிக்கு. காலையில பெரட்டுல பேர் கூப்புடுறப்பவே சுத்தி வளைக்கப் போறாங்க."

அவர் என்னை நேராகப் பார்த்தார். நான் அவளைப் பார்த்தேன். அவள் முகம் சுருங்குவதைப் பார்க்கவேண்டும் எனக்கு.

"இனிமே ஆபீசுல கேக்குறத நீயே எனக்குச் சொல்லணும். தைரியம் இருக்கா, தங்கச்சி?"

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தமக்கு உதவும் பெண்களையெல்லாம் தங்கச்சி என்றே அழைப்பது அவர் படையின் கட்டுப்பாடு. ஆனால் முறைப்பெண்ணை ஒரு தடவை அப்படி அழைத்துவிட்டால், அதன் பிறகு தாலி கட்ட எங்கள் சனம் ஒப்பாது.

"இருக்கு" என்றேன்.

அந்தக் காலை ஆண்கள் யாரும் பெரட்டுக்குப் போகவில்லை; லாரி வெறுமையாகத் திரும்பியது. லயமே என்னைப் புகழ்ந்தது.

சேதி கேட்க வந்த அன்று எங்கள் வீட்டுப் படியிறங்கும்போது அவர் பக்கத்து வீட்டுக்காரியிடம், "ஏ புள்ள, நாளைக்கு உப்ப கொஞ்சம் கூடப் போடு" என்றார்.

அவளை அவர் தங்கச்சி என்று அழைத்து நான் கேட்டதே இல்லை.