எந்தத் தெருன்னு கேட்டு மேளம் குடுத்தாங்க

விளையாட்டு வைத்தியத்துல இந்தக் காஞ்சிபுரத்துலயே பர்ஸ்ட் மார்க் வாங்கினவன் நான்தான்.

பொய்பா. அதுல மார்க்கே கெடையாது. இருந்திருந்தாலும் நான் பெயிலுதான். அஞ்சாங்கிளாஸ்ல புடிச்ச பழக்கம், இன்னும் உடல. எழுதவும் வராது. அதான் போன்ல பேசி வெக்கறேன், என் பொண்ணு கேட்டு எழுதும். நடுவுல கெட்ட வார்த்தை வந்தா அதுவே நல்ல வார்த்தையா மாத்திடும்.

நான் இப்ப உக்காந்துக்கினு இருக்கறது ஒரு சென்டரு வாசல்ல. ஸ்ட்ரோக் வந்தவங்க, தலையில அடிபட்டவங்க எல்லாம் பகல்ல வந்து இருக்கற எடம். ஒரு ரூம்ல கைய கால நீட்டி மடக்க வெப்பாங்க. இன்னொரு ரூம்ல விளையாட வெப்பாங்க, பாட வெப்பாங்க, களிமண்ணு பெசைய வெப்பாங்க. அதுவும் வைத்தியம்தானாம். புடிச்சத செஞ்சா கையும் வரும், மனசும் வரும். ஆனா எவனுக்கு இன்னா புடிக்கும்னு மொதல்ல தெரியணுமில்ல? அதுக்கு ஆள அளப்பாங்க. டெய்லரு அளக்கறது சுலபம், நீ சும்மா நின்னா போதும். இவங்க அளக்கறதுல நீ யாருன்னே மாறிப் போயிடும்.

உள்ள இப்ப ஒருத்தர அளக்கப் போறாங்க. என் தோஸ்து. தறிக்காரரு, பேச்சு வராது. இன்னிக்கு அளந்து பாத்துட்டு, இங்கயே இருக்கலாமா, இல்ல திருமுக்கூடல் தாண்டி, ராவும் பகலும் அங்கயே தங்க வெக்கற ஹோமுக்கு அனுப்பலாமான்னு முடிவு பண்ணுவாங்க. அதான் நான் வாசல்லயே ஒட்டிக்கினு இருக்கறேன். காத்துக்குன்னு சொல்லிட்டு வந்தேன், பேனு உள்ளதான் ஓடுது.

எனக்கு ஸ்ட்ரோக் வந்து சில வருசம் ஆவுது. அதுக்கு முன்ன ஐயம்பேட்டை ரூட்ல ஷேர் ஆட்டோ ஓட்டினேன். முசரவாக்கத்துல ஒரு கல்யாணம். பந்தியில ரெண்டாவது தபா பாயசம் கேக்க கையத் தூக்கறேன், கை வரல. எல்லாரும் நான் காமெடி பண்றேன்னு சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். வாயி ஒரு பக்கமாதான் சிரிச்சுது.

இந்த சென்டருக்கு வந்தப்போ வயசான ஒரு சாரு இருந்தாரு. டிரில் மாஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு. தங்கமான மனுசன், ஒருத்தரையும் அதட்ட மாட்டாரு. அவரு ஆள அளக்கறதுக்கு ஒரே கேள்விதான்.

"எந்தத் தெருபா?"

நம்ம ஊர்ல தெரு பேரு சொன்னா போதும். ஜாதி, தொழில், வீட்ல கறி ஆக்குவாங்களா மாட்டாங்களா, அல்லாம் வந்துடும். பூக்கட்ற தெருன்னா வாழநாரு. தைக்கற தெருன்னா ஊசி நூலு. தறித் தெருன்னா மரச்சட்டத்துல சின்னதா ஒரு தறி. நான் எங்க காலனி பேர சொன்னேன். சாரு மொகம் அப்டியே மலந்துச்சு. உள்ள போயி ஒரு பறைய எடுத்தாந்து என் மடியில வெச்சாரு.

"உங்க ஆளுங்களுக்கு தாளம் ரத்தத்துலயே இருக்குது. அடிப்பா!"

என் ரத்தத்துல சக்கரைதான் சார் இருக்குது, டெஸ்ட்லயே சொல்லிட்டாங்கன்னேன். அவரு சிரிச்சாரு. சரின்னு அடிச்சேன். பக்கத்து ரூம்ல நடந்து பழகிக்கினு இருந்த ஒருத்தரு பயந்து சேர்ல உக்காந்துட்டாரு.

வூட்டுக்கு வந்து இத ஜோக்கா சொன்னேன். என் சம்சாரம் சிரிக்கல.

"உங்கப்பா, இனிமே எந்த சாவுக்கும் பறை அடிக்க மாட்டேன்னு ஊர் நடுவுல சொல்லிட்டு கொத்து வேலைக்குப் போனவரு. அதுக்கு எவ்ளோ பேச்சு வாங்கினாரு! அவரு கீழ வெச்சத உன் கையில குடுத்துக்கிறாங்க. நீயும் வாங்கினு வந்து இளிக்கிற."

சோறு போட்டா. கொழம்பு ஊத்தல.

அந்த சாரு போனதும் ஒரு சின்னப் பொண்ணு வந்துச்சு. இனிமே தெருவெல்லாம் கேக்கக் கூடாதுன்னு சொல்லிச்சு, எனக்கு அப்டியே கால்ல உழலாம் போல இருந்துச்சு. அதாண்ட ஒரு பேப்பரு. அதுல உலகத்துல இருக்கற பொழுதுபோக்கு அல்லாம் எழுதி, பக்கத்துல சிரிக்கற மூஞ்சி, சும்மா இருக்கற மூஞ்சி, அழுவற மூஞ்சி. எது புடிக்கும்னு கேட்டு டிக் போடணும்.

"நீச்சல் புடிக்குமா அண்ணா?"

"நம்ம வேகவதியிலயாமா? அதுல எறங்கினா வைத்தியமே வேணாம், நேரா மேல போயிடலாம்."

"குதிரை சவாரி?"

"அது பெருமாள் போறதுமா, உற்சவத்துக்கு. நான் ஏறினா எறக்கி உட்ருவாங்க."

அது உழுந்து உழுந்து சிரிச்சுது. நான் சிரிச்சுக்கினே சொன்னதால எனக்கு எல்லாத்துலயும் சிரிக்கற மூஞ்சியே டிக்கு. ரிசல்ட்டு இன்னான்னா, இந்த அண்ணனுக்கு எது குடுத்தாலும் புடிக்கும். அலமாரியில கையில கெடச்சுது எது? அதே பறை.

பேச்சு வராதவங்களுக்கு வூட்டு ஆளுங்க பதில் சொல்லணும். அப்பதான் தறிக்கார அண்ணாத்த வந்தாரு. வலது கை தொங்கிக்கினு இருக்கும், தொண்டையில ஒரு சத்தம் மட்டும் வரும். பெரிய பையன் கூட வந்தான். அந்தப் பொண்ணு பேப்பர முழுசா படிக்கறதுக்கு முன்னயே சொல்லிட்டான்.

"அப்பாவுக்கு தறிதான்மா உசுரு. வேற ஒண்ணும் தெரியாது."

மறுபடி மரச்சட்டத் தறி. இதுக்கு அந்த டிரில் சாரே இருந்திருக்கலாம், பேப்பராவது மிச்சம்.

மொத நாளு அண்ணாத்த அந்தத் தறிய சும்மா பாத்துக்கினு இருந்தாரு. மறுநாளு நாடாவ, அதான் நூல இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஓட்டுவாங்களே, அத இடது கையால எடுத்து வுட்டாரு பாரு, ஜன்னல் கம்பியில போயி டங்குன்னுச்சு. அப்புறம் தெனமும் இதே. ஆளு ஒத்துழைக்கலன்னு எழுதிட்டாங்க. இங்க ஒரு சட்டம் இருக்குது. எதுலயும் ஒட்டாதவங்க எடத்த, வெளிய காத்துக்கினு இருக்கறவங்களுக்கு குடுத்துடுவாங்க. இங்க இல்லன்னா அவருக்கு ஹோம்தான். பையன் ரெண்டு பேரும் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனில ஷிப்ட்டு, மருமக பட்டுக் கடையில. பகல்ல பாத்துக்க ஆளில்ல. அவங்க மேல தப்பு சொல்ல எனக்கு வாயி வரல. மத்ததுக்கெல்லாம் நல்லா வரும்.

அந்தப் பொண்ணும் கல்யாணமாகிப் போயிடுச்சு. இப்ப இருக்கறது ஒரு மேடம். இவங்க தெருவும் கேக்க மாட்டாங்க, பேப்பரும் நீட்ட மாட்டாங்க. கேரம் போர்டு, சீட்டு, களிமண்ணு, பாட்டுப் பொட்டி எல்லாத்தையும் பரப்பி வெச்சுட்டு, "சும்மா இருங்கண்ணா, இன்னா தோணுதோ செய்யுங்க"ம்பாங்க. மூலையில உக்காந்து பாப்பாங்க. எதப் பாக்கற, எத்தனை நேரம் பாக்கற, எப்ப உட்டுட்டுப் போற, அல்லாம் பாப்பாங்க. போலீஸ் ஸ்டேஷன்லகூட எனக்கு இப்டி வேர்த்தது இல்ல. ஒரு நாளு சொல்றாங்க:

"அண்ணா, நீங்க தோக்கப் போறப்ப மட்டும்தான் ஜோக் அடிக்கிறீங்க. கவனிச்சீங்களா?"

அன்னிக்கு ஒரு ஜோக்கும் வரல எனக்கு. அப்பவே புரிஞ்சுபோச்சு, இந்தம்மா சரியா அளக்கறாங்கன்னு.

அண்ணாத்த பையனையும் கூப்ட்டு உக்கார வெச்சாங்க. நான் பக்கத்துல காயி அடுக்கறவன் மாதிரி காத வெச்சுக்கினு இருந்தேன்.

"அமாவாசைக்குத் தறி லீவுதானே? அன்னிக்கு அப்பா இன்னா பண்ணுவாரு?"

"சாயங்காலம்தான் மேடம் வூட்டுக்கு வருவாரு."

"எங்கேருந்து?"

"தெரியல மேடம்."

"யார்கூட போவாரு?"

"நாங்க கேட்டதில்ல."

சொல்லிட்டு அவன் ஹெல்மெட்ட மடியில வெச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கினு இருந்தான். எனக்கும் சுருக்குன்னுச்சு. எங்கப்பா கொத்து வேலை இல்லாத நாள்ல எங்க போவாரு? நானும்தான் கேட்டதில்ல.

சரி, நாமளாவது இவர எதுலயாவது ஒட்ட வெக்கலாம்னு, எதிர்ல உக்கார வெச்சு கேரம் சொல்லிக் குடுத்தேன். ஸ்ட்ரைக்கர கையில வெச்சா தொடவே மாட்டாரு. ஆள பாப்பாரு, போர்ட பாப்பாரு, அவ்ளோதான். வேற ஒருத்தர்கூட நான் ஆடுவேன், இவரு பக்கத்துல இருப்பாரு. அப்டி ஆடறப்போ ஒரு தபா, பழக்க தோசம், சட்டைக் கையால ஒரு காய லேசா பாக்கெட்டுக்குத் தள்ளினேன். லபக்குனு என் மணிக்கட்டப் புடிச்சாரு பாரு! இடது கைதான், தறி அடிச்ச கை, இரும்பு. தொண்டையில அந்த சத்தம். கண்ணு ரெண்டும் பளபளங்குது. காய எடுத்து அது இருந்த எடத்துலயே திரும்ப வெச்சாரு, நூல் புடிச்ச மாதிரி.

மேடம் மூலையிலேருந்து எழுந்தே நின்னுட்டாங்க.

அதுலேருந்து அவருக்கு அதான் வேலை. ஆட மாட்டாரு, ஆட்டத்தப் பாப்பாரு. அமாவாசைக்கெல்லாம் எந்த ஆட்டத்தாண்ட போயி நின்னாரோ. நான் திருடுவேன், அவரு புடிப்பாரு. இத்தனை வருசத்துல என் திருட்டுத்தனம் ஒருத்தருக்கு மருந்தானது இதான் மொத தபா. சென்டர நடத்தறவங்களாண்ட மேடம் மன்றாடி, தறிய வெச்சு அளக்காதீங்க, இத வந்து கண்ணால பாருங்கன்னு சொல்லி வெச்சாங்க. இன்னிக்கு அவங்க வந்து உள்ள உக்காந்துட்டாங்க.

ஆனா போன வாரம் பூரா அவருக்கு ஜுரம். நேத்து நான் திருடினேன், புடிக்கல. போர்டு மேலதான் கண்ணு இருந்துச்சு, ஆளு இல்ல. நல்லா தெரியற மாதிரி இன்னொரு காய தள்ளினேன். அதுக்கும் ஒண்ணுமில்ல. இன்னிக்கும் அப்டியே இருந்தாருன்னா? மேடம் ஒருத்தங்க சொல்றாங்கன்னு எவன் நம்புவான்? நான் சொன்னா மேடமே நம்ப மாட்டாங்க.

இன்னொண்ணு. காலையில பெரிய பையன் அவர பைக்குல கொண்டாந்து எறக்கினான். டேங்கு மேல ஒரு பை, பட்டுக் கடைப் பை. நான் நக்கலா கேட்டேன், "இன்னாபா, அப்பாவுக்கு தீபாவளியா?" அவன் ஹெல்மெட்ட கழட்டாமலே அந்தப் பக்கம் திரும்பிக்கினான். ஜிப்பு பாதி தொறந்து இருந்துச்சு. உள்ள வேட்டி, துண்டு, மாத்திரை டப்பா, மடிச்ச போர்வை. அண்ணாத்தயும் அந்தப் பையத்தான் பாத்துக்கினு இருந்தாரு. அப்புறம் என்னப் பாத்தாரு. நான் ஏதாவது சொல்லணுமேன்னு வாயத் தொறந்து...

"அண்ணா, உள்ள வாங்க! போர்டு போட்டாச்சு. அவரு உங்க சேரையே பாத்துக்கினு இருக்காரு."

தோ வரேன் மேடம்.