பெண்டாங்குக்குப் போக ஓர் அடுப்பு

என் வீட்டுக்காரர் ஒரு துண்டு வாங்கப் போனால், கடைக்காரர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போதும் இவர் அதே துண்டைத் தடவிக்கொண்டு நிற்பார். இந்த மனிதரிடம்தான் ஜப்பான்காரன் காலத்தில் ஓர் அடுப்பைத் தேர்ந்தெடுக்கும் வேலை வந்து சேர்ந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பும் வருகிறது, பல்லைக் கடிக்கவும் தோன்றுகிறது.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருடம். புக்கிட் செலம்பாவ் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில், கூலிகளுக்குக் கட்டிவிட்ட லயத்து வரிசை வீட்டில் இருந்தோம். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஓடிப்போயிருந்தார். ரப்பரை வாங்க ஆளில்லை. மரத்தில் பால் வெட்டும் கத்திகள் துருப்பிடித்துக் கிடந்தன. மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு. இதற்கிடையில், பக்கத்துத் தோட்டங்களுக்கு லாரி வந்து ஆண்களைச் சயாமுக்கு ரயில் பாதை போட ஏற்றிக்கொண்டு போவதாகச் செய்தி வந்தது. மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் ஏற்றினார்களாம். ஒருவரும் திரும்பவில்லை.

பெண்டாங் என்ற ஊரில் ஒரு மலாய்க்காரர் நெல் அறுக்க ஆள் தேடுகிறார், கூலியை நெல்லாகவே தருகிறார் என்று கேள்விப்பட்டோம். பெரிய சாலையில் போனால் பிடித்துவிடுவார்கள். காட்டு வழியாகச் சுற்றிப் போனால் மூன்று நாள் நடை. எங்கள் தோட்டத்துக்கு லாரி வருவதற்குள் அவரைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். எனக்கு அந்த ஒரு நினைப்புதான். அவருக்கும் அது இல்லாமல் இல்லை. ஆனால் வழியில் எந்த அடுப்பில் சமைப்பது என்பது முடிவாகாமல் அவரால் ஓர் அடி எடுத்து வைக்க முடியவில்லை.

“மூணு கல்லு வச்சா முடிஞ்சிச்சி. கல்லுக்கா பஞ்சம்?” என்றேன்.

“கல்லு வச்சி எரிச்சா பொகை மேல போகும். பொகையப் பாத்தா ஜப்பான்காரன் வருவான். ஒனக்கு என்னா புள்ள தெரியும்?” என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்ததுதான் வம்பு. நியாயம் இல்லாமல் இருந்திருந்தால் அன்றைக்கே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பேன்.

முதலில் வீட்டு மண் அடுப்பையே கொண்டுபோகப் பார்த்தார். ரப்பர்ப் பால் வாளிகளைத் தோளில் தூக்கும் காண்டாக் கம்புதான் எங்களுக்கு வண்டி, மாடு எல்லாம். இரண்டு முனையிலும் எடை சமமாக இல்லாவிட்டால் பால் வெட்டுகிறவனுக்கு நடையே வராது. ஒரு முனையில் அடுப்பைக் கட்டினார். மறுமுனையில் சட்டி, துணி, கிழங்கு எல்லாம் கட்டியும் அது மேலே தூக்கிக்கொண்டே நின்றது. சுற்றுமுற்றும் பார்த்தவர் அம்மிக்கல்லைக் கொண்டுவந்து கட்டினார். கம்பு நேராக நின்றது. அவர் முகத்தில் அவ்வளவு திருப்தி.

“அம்மி எதுக்குங்க?”

“அடுப்புக்குச் சமமா இருக்கட்டும்னுதான்.”

“அரைக்க மொளகா இருக்கா?”

“இல்ல.”

அப்படியே தூக்கிக்கொண்டு நடந்தும் பார்த்தார். லயத்துக் கோடிவரை போனவர் திரும்பி வரவில்லை. நான் போய்த்தான் தோளிலிருந்து இறக்கிவிட்டேன்.

அடுத்து, தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதிய கிராணியிடம் போனார். துரை விட்டுவிட்டுப் போன பித்தளைப் பம்ப் அடுப்பு ஒன்று கிராணியின் கட்டிலுக்கடியில் இருந்தது. துரை காட்டுக்கு வேட்டைக்குப் போகும்போது கொண்டுபோவாராம். அடுப்பின் காலைக் கழற்றினால் ஒரு சின்னப் பைக்குள் அடங்கிவிடும். என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட என் வீட்டுக்காரர் அப்படிக் கண்கொட்டாமல் பார்க்கவில்லை.

ஆனால் மண்ணெண்ணெய்க்கு எங்கே போவது? ரப்பரைக் காய்ச்சி வடித்த எண்ணெயை ஊற்றித்தான் அப்போது விளக்கு எரித்தோம். அதையே அடுப்பிலும் ஊற்றி, பம்ப் அடித்து, நெருப்பு வைத்தார். அடுப்பு ஒரு தும்மல் தும்மியது. தீ கூரையைத் தொட்டுவிட்டு இறங்கியது. சுவர், பாய், கோழி எல்லாவற்றின் மேலும் பிசுபிசுவென்று கரி. அவருடைய புருவம் இரண்டும் போய்விட்டன. கிராணி அடுப்பைச் சாக்கில் சுற்றிக்கொண்டு, “ஜப்பான்காரன் குண்டு போட்டப்பகூட நான் இவ்ளோ பயப்படல லா!” என்று சொல்லிவிட்டு ஓடினார்.

இப்படியே பன்னிரண்டு நாள் போயிற்று. எனக்குப் பொறுக்கவில்லை. “அடுப்பும் வேணாம் ஒண்ணும் வேணாம். கெழங்கப் பச்சையாவே தின்னுக்கிட்டுப் போவோம், வாங்க!” என்று கத்தினேன்.

“பச்சைக் கெழங்கு வெசம்” என்றார், புருவம் இல்லாத முகத்தோடு. அதுவும் உண்மைதான். உண்மையைத் தவிர வேறு பேசத் தெரியாத மனிதரோடு சண்டை போடுவதுபோல் கொடுமை உலகத்தில் இல்லை.

என் சத்தம் கேட்டு, பக்கத்து வீட்டு அண்ணன் வந்தார். கைவேலை தெரிந்த மனிதர். அவர் சம்சாரம், நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், அவருக்குக் காலில் வீக்கம், நடக்க முடியாது என்பதால் அவர்கள் இருவரும் தோட்டத்தைவிட்டுக் கிளம்புவதாக இல்லை. ஆனாலும் எங்கள் அடுப்பைத் தன் அடுப்பாக எடுத்துக்கொண்டார். பெரிய பிஸ்கட் டின் ஒன்று வேண்டும் என்றார். லயத்தில் ஒரே ஒரு டின்தான் இருந்தது. அதில் அக்கா தன் கல்யாணச் சேலையை வைத்திருந்தார். சேலையை எடுத்துக் கொடியில் போட்டுவிட்டு, “இத மடிச்சி வச்சி நான் எந்த ஊருக்குப் போகப் போறேன், எடுத்துக்க தங்கச்சி” என்று டின்னைக் கொடுத்தார்.

பிஸ்கட் டின்னுக்குள் ஒரு பால் டின். கீழே காற்றுப் போக ஓர் ஓட்டை. சட்டி நிற்க மேலே சைக்கிள் கம்பிகள். எரிக்க, தோட்டம் முழுக்கச் சிந்திக் கிடக்கும் ரப்பர்க் கொட்டை ஓடு. அரை நாளில் அண்ணன் செய்து முடித்தார். ஒரு கோழியின் எடைதான். பற்ற வைத்தால் புகையே தெரியவில்லை. நான் அண்ணனைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

என் வீட்டுக்காரர் கும்பிடவில்லை. “காத்தடிச்சா?” என்றார். முறத்தால் என்னை விசிறச் சொன்னார். எரிந்தது. “மழ பேஞ்சா?” என்றார். ஒரு செம்பு தண்ணீரை மேலே தெளித்தார். சீறிவிட்டு எரிந்தது. “மேட்டுல வச்சா?” என்றார். லயத்துச் சனம் முழுக்க வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்று ஒருவர் சிரித்தார். இந்தச் சோதனையெல்லாம் முடிய நான்கு நாள் ஆயிற்று. ஐந்தாம் நாள் தாமாகவே, “சரி, இதுவே இருக்கட்டும்” என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் விடியற்காலையில் கிளம்பினோம். காண்டாவில் ஒரு பக்கம் அடுப்பு, ஒரு பக்கம் கிழங்கு. லயத்தைத் தாண்டிவிட்டோம். இன்னும் பத்தடி வைத்தால் ரப்பர் மரங்களுக்குள் மறைந்திருப்போம்.

அப்போது பெரட்டு மணி அடித்தது.

தினமும் காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதைத்தான் தோட்டத்தில் பெரட்டு என்போம். துரை ஓடியதிலிருந்து அந்த மணி அடிக்கவேயில்லை. என் வீட்டுக்காரர் யோசிக்கவில்லை. வாழ்க்கையிலேயே முதல் முறையாக ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. காண்டாவோடு திரும்பி, பெரட்டுக் களத்தை நோக்கி ஓடினார். அவரைத் தடுத்திருக்க வேண்டிய நான் என்ன செய்தேன்? கொண்டையை முடிந்துகொண்டு பின்னாலேயே ஓடினேன். பிந்தினால் வேலை வாங்கும் மண்டோர் திட்டுவாரே என்ற பயம். அந்த மண்டோர் செத்து ஆறு மாதமாகியிருந்தது. லாரிக்குப் பயந்து இரண்டு நாளாகப் புதருக்குள் ஒளிந்திருந்தவர்கள்கூடச் சட்டையைத் தட்டிக்கொண்டு வந்து வரிசையில் நின்றார்கள். நின்ற பிறகுதான் எல்லோரும் லாரியைப் பார்த்தோம்.

இருபத்தைந்து ஆண்கள் வேண்டும் என்று கிராணியை விட்டுச் சொன்னான் ஜப்பான் அதிகாரி. எண்ணிக்கொண்டே வந்தான். இருபத்தைந்தாவது என் வீட்டுக்காரர். அடுத்து நின்ற பக்கத்து வீட்டு அண்ணன் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

அதிகாரியின் கண் அடுப்பில் விழுந்தது. “இது என்ன?” என்று மலாயில் கேட்டான்.

“அடுப்பு, துவான்.”

“நீ சமையல்காரனா?”

“ஆமா, துவான்” என்றார் என் வீட்டுக்காரர். அவர் வெந்நீர்கூட வைத்ததில்லை.

பற்ற வை என்றான். அத்தனை பேரும் வரிசையில் நிற்க, களத்து நடுவில் அவர் தண்ணீர் காய்ச்சினார். எவ்வளவு ஓடு போடுவது என்று தெரியாமல் என்னைப் பார்ப்பார். நான் சேலைத் தலைப்புக்குள் விரலை மடக்கிக் காட்டுவேன். தண்ணீர் கொதித்தது. அதிகாரி ஒரு குவளை வாங்கி ஊதி ஊதிக் குடித்தான். புகை வருகிறதா என்று குனிந்து பார்த்துத் தலையை ஆட்டினான். நீ சயாமுக்கு வேண்டாம், ஊரில் இருக்கும் எங்கள் முகாமில் சமைக்க வா என்று அவரைத் தனியே நிறுத்தினான்.

நான் சந்தோஷப்பட்டேன். உள்ளங்கால் முதல் உச்சி வரை சந்தோஷம். அதை மறைத்து எழுத எனக்கு இஷ்டமில்லை.

அதிகாரி மறுபடி எண்ணினான். ஓர் ஆள் குறைந்தது. கையை நீட்டி, அடுத்து நின்றவரை இழுத்தான்.

அண்ணன் லாரியில் ஏறினார். அக்கா என் பக்கத்தில்தான் நின்றார். லாரி நகர்ந்தபோது அண்ணன் பலகை மேல் எக்கி எங்கள் பக்கம் கையை ஆட்டினார். என்னவோ அக்காவுக்குச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

“தம்பி, கீழ் ஓட்டைய சாம்பல் அடைச்சிக்கும் லா! தட்டி விட்டுக்கிட்டே இருக்கணும்!” என்று கத்தினார்.

சாலைத் திருப்பத்தில் லாரி மறைந்தது. என் வீட்டுக்காரர் அசையாமல் நின்றார். களத்து நடுவில் அடுப்பு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அக்கா வீங்கிய காலை இழுத்துக்கொண்டு அதனிடம் போனார். சிரமப்பட்டுக் குனிந்து, ஒரு குச்சியால் கீழ் ஓட்டையிலிருந்த சாம்பலைத் தட்டிவிட்டார்.