டேடனில் என் கணவர் சொன்ன பொய்

என் கணவர் கிளெல் ராட்லிஃப் முடிவெட்டும் தொழிலாளி. நிலக்கரி மலைகளுக்கு நடுவே நார்ட்டன் ஊர்க் கடைத்தெருவில் இரண்டு நாற்காலி போட்ட கடை. அதைவிட ஸ்டீல் கிட்டார்தான் அவருக்கு முக்கியம். கிட்டாரை மடியில் படுக்க வைத்து, இடது கையில் ஓர் இரும்புத் துண்டைக் கம்பிகள்மேல் வழுக்கவிட்டு, வலது கையால் மீட்டுவார். மின்சாரப் பெட்டி வழியாக வரும் அந்தச் சத்தத்துக்கு முதலும் தெரியாது முடிவும் தெரியாது. அதைக் கேட்டுத்தான் நான் அவரைக் கட்டிக்கொண்டேன்.

என் அண்ணன் ஹோபார்ட் சுரங்கத்தில் நிலக்கரி வெட்டினான். அவன் வாசித்தது பாஞ்ஜோ, தோல் கட்டிய வட்டத்தின்மேல் கம்பி ஓடும் வாத்தியம். எங்கள் குழுவில் எஸ்டில் பாடுவார். அவர் தம்பி பிடில். நான் என்னைவிட உயரமான பேஸ் வாத்தியம். வெள்ளிக்கிழமை மதியம் உள்ளூர் வானொலியில் கால் மணி நேரம், சனிக்கிழமைகளில் ஏதாவது ஒரு பள்ளிக்கூட மண்டபம்.

பாஞ்ஜோக்காரனும் ஸ்டீல்காரனும் ஒரே குழுவில் இருந்தால் என்ன ஆகும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். பாஞ்ஜோக்காரன் ஒரு மூச்சில் நாற்பது சுரம் கொட்டுவான். ஸ்டீல்காரன் ஒரே சுரத்தை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கிளெல்லின் முறை வரும்போது அண்ணன் வேண்டுமென்றே வேகத்தைக் கூட்டுவான். அண்ணன் முறை வரும்போது கிளெல் தன் கடைசிச் சுரத்தை விடாமல் பிடித்து வைத்திருப்பார். நடுவில் நான் பேஸைக் கட்டிக்கொண்டு யார் பக்கம் போவது என்று தெரியாமல் நிற்பேன்.

"மாப்ள, பூனைக்கு வயித்துவலியா? வீட்டுல மருந்து இருக்கு, குடுக்கட்டுமா?" என்று அண்ணன் வானொலியிலேயே கேட்பான்.

"இல்ல மச்சான். தகரக் கூரைமேல ஆலங்கட்டி விழுற சத்தத்துல பூனை பயந்துடுச்சு. நீ நிறுத்தினா அதுவும் நிறுத்திடும்."

கேட்கிறவர்கள் இதற்காகவே வானொலியைத் திருப்பினார்கள் என்று எஸ்டில் சொல்வார்.

ஐம்பத்து நாலில் சுரங்கத்தில் கூரை இறங்கியது. அண்ணனும் இன்னும் மூன்று பேரும் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். கிளெல் பாதி முடி வெட்டிய தலையை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். ஒரு பகலும் ஓர் இரவும் சுரங்க வாயிலில் நின்றார். யாரோ கொடுத்த காப்பியைக்கூடக் கையில் வாங்கிக் குடிக்காமல் ஆறவிட்டார். மறுநாள் அண்ணனை வெளியே கொண்டுவந்தபோது முகமெல்லாம் கரி, கண் மட்டும் தெரிந்தது. கிளெல் அவன் பக்கத்தில் மண்டியிட்டு, "கையக் காட்டு" என்றார். அண்ணன் இரண்டு கையையும் நீட்டினான். ஒவ்வொரு விரலாக மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு கிளெல் அழுதார்.

"எதுக்குடா அழுவுற? பத்து விரலும் இருக்குதேன்னா?" என்றான் அண்ணன்.

இரண்டு வருஷம் கழித்து, ஏப்ரல் மாதம், நாஷ்வில் நகரத்திலிருந்து ஓர் இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் எஸ்டிலுக்குக் கடிதம் எழுதினார். நாலு பாட்டு பதிவு செய்யலாம், வாருங்கள். பிடில் வேண்டும், பேஸ் வேண்டும், ஸ்டீல் கட்டாயம் வேண்டும். பாஞ்ஜோ வேண்டாம். அது பழைய மலைக்காட்டுச் சத்தம், நகரத்தில் இப்போது யாரும் வாங்குவதில்லை.

எஸ்டில் கடிதத்தை கிளெல் கையில் கொடுத்து, "உன் மச்சான். நீயே சொல்லிடு" என்று போய்விட்டார்.

அடுப்பில் பீன்ஸ் வெந்துகொண்டிருந்தது. கிளெல் கடிதத்தை இரண்டு தடவை எனக்குப் படித்துக் காட்டினார்.

"ஞாயித்துக்கிழமை சாப்பிட வருவான்ல டெஸி, அப்ப சொல்லிடுறேன். அவன் வரலைன்னா நானும் போகலை."

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைப் பயமுறுத்தியது. பன்னிரண்டு வருஷம் அவர் கடையில் தரையெல்லாம் அடுத்தவன் முடியைப் பெருக்கிக்கொண்டு, சாயங்காலம் வந்து அந்தக் கிட்டாரை மடியில் வைப்பதைப் பார்த்தவள் நான். அது நார்ட்டனைத் தாண்டிப் போகவேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

"இப்ப ஒண்ணும் சொல்லாதீங்க. அண்ணனும் கூட வரட்டும். அங்க போயி ஒரு தடவை வாசிச்சுக் காட்டினா அவங்களே மனசு மாறிடுவாங்க" என்றேன்.

"மாறலைன்னா?"

"மாறுவாங்க."

நான் அதை நம்பவில்லை. அவர் நம்பினார், அல்லது நம்ப விரும்பினார்.

எஸ்டிலிடமும் இதையே சொல்லி வைத்தோம். முந்நூறு மைல். அண்ணன் புதுச் சட்டை வாங்கியிருந்தான். வழி முழுக்க கிளெல்லைக் கிண்டல் செய்துகொண்டே வந்தான். பதிவுக்கூடத்தில் அவன் பெட்டியைத் திறந்து, கம்பி மீட்ட விரலில் போடும் மூன்று உலோக நகங்களையும் மாட்டிக்கொண்டு நிமிர்ந்தான். கம்பெனிக்காரர் எஸ்டிலைப் பார்த்து, "பாஞ்ஜோ வேணாம்னு எழுதியிருந்தேனே" என்றார். பிறகு அண்ணனிடம் மரியாதையாகவே, "நீங்க வெளியில உக்காரலாம், காப்பி இருக்கு" என்றார்.

"அவன் வாசிக்கிறதை ஒரு தடவை கேளுங்களேன்" என்றார் கிளெல்.

"கேட்டிருக்கேன். நல்லாத்தான் வாசிக்கிறார். எனக்கு வேணாம்."

அண்ணன் கிளெல்லைப் பார்த்தான். கிளெல் தரையைப் பார்த்தார். எழுதியிருந்தேனே என்ற அந்த ஒரு வார்த்தை அவனுக்குப் போதுமாக இருந்தது. நகங்களைக் கழற்றிப் புகையிலை டப்பாவில் போட்டு மூடினான். என் பக்கம் அவன் திரும்பவே இல்லை. எனக்குத் தெரிந்திருக்கும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை என்பது பிறகுதான் புரிந்தது.

மூன்று மணி நேரம் அவன் காரில் உட்கார்ந்திருந்தான். உள்ளே நான் பேஸ் வாசித்தேன். கிளெல் அன்று வாசித்த மாதிரி அதற்கு முன்னாலும் வாசித்ததில்லை, பின்னாலும் வாசித்ததில்லை. வெட்கத்தோடு சொல்கிறேன், அவ்வளவு நன்றாக இருந்தது.

திரும்பும்போது முழுத் தூரமும் அண்ணன்தான் ஓட்டினான். எங்கள் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, "நல்லா வாசிச்சியா மாப்ள?" என்று கேட்டான்.

"ம்."

"அப்ப சரி."

ஜூன் மாதம் வீட்டைக் காலி செய்துகொண்டு, ஒஹையோவில் டேடன் நகரத்துக்கு, கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டான். எங்கள் பக்கத்துப் பாதிப் பேர் அப்போது அப்படித்தான் போனார்கள். அதனால் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு அவன் மனைவி லூலா வாழ்த்து அட்டை அனுப்புவாள். கீழே அவள் கையெழுத்தில் அவன் பெயர் இருக்கும்.

இசைத்தட்டு இரண்டு மாதம் அங்கங்கே வானொலியில் ஒலித்தது. பிறகு நின்றுபோனது. கம்பெனி மறுபடி கூப்பிடவில்லை. பாஞ்ஜோ இல்லாமல் எங்கள் வெள்ளிக்கிழமை நிகழ்ச்சியும் சப்பென்று ஆனது. எஸ்டில் பெட்ரோல் பங்க் வைத்தார். கிளெல் கடையில் அந்தத் தட்டை யாராவது கேட்டால், "கீறல் விழுந்துடுச்சு" என்பார். அதில் கீறலே இல்லை.

அறுபத்தொன்பது நவம்பரில் லூலா ஃபோன் செய்தாள். அண்ணனுக்கு நெஞ்சு முழுக்கச் சுரங்கத்துக் கரி, மருத்துவர்கள் கை விரித்துவிட்டார்கள். கிளெல் ஸ்டீல் கிட்டாரைப் பின் சீட்டில் வைத்தார்.

டேடன் ஆஸ்பத்திரியில் அண்ணன் பாதியாக இருந்தான். மூக்கில் குழாய். கிளெல்லைப் பார்த்ததும், "என்ன மாப்ள, பூனை செத்துடுச்சா இருக்கா?" என்றான்.

"இருக்கு மச்சான். உன்னைப் பாக்கத்தான் கூட்டிட்டு வந்தேன்."

"உள்ள விடாதே. இங்க சீக்காளிங்க இருக்காங்க."

நான் காப்பி வாங்கப் போனேன். இரண்டு கோப்பையோடு திரும்பி வந்தபோது கதவு சாத்தாமல் இருந்தது. உள்ளே கிளெல் பேசிக்கொண்டிருந்தார். நான் அப்படியே நின்றேன்.

"அன்னைக்கு நான் முன்னாலயே சொல்லியிருக்கணும்."

"ஆமா."

"சொன்னா நீ என்னைப் போகச் சொல்லியிருப்பே. தெரியும். இருந்தும் சொல்லலை."

அண்ணன் குழாய் வழியே ஒரு மூச்சு இழுத்தான். பிறகு, "டெஸிக்குத் தெரியுமா?" என்று கேட்டான்.

"தெரியாது. உன்னை மாதிரி அவளுக்கும் அங்க போயித்தான் தெரியும்."

"அதானே" என்றான் அண்ணன். "நான் பதிமூணு வருஷமா அப்படித்தான் நினைச்சுட்டிருந்தேன்."

காப்பி கையைச் சுட்டது. நான் உள்ளே போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். கதவிடுக்கில் தெரிந்த அவன் முகம் அந்த ஒரு பதிலுக்குப் பிறகு கொஞ்சம் இறுக்கம் தளர்ந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு என்னால் வாய் திறக்க முடியவில்லை. இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பயந்துவிட்டேன் என்பதும் உண்மைதான்.

ஒன்பது நாள் இருந்தான். ஒரு நாள் கிளெல்லிடம், "என் அடக்கத்துல நீ வாசி. குன்றுமேல கரண்டு கிடையாது. யாருக்கும் கேக்காது, ஊருக்கும் நல்லது" என்றான்.

உடலை ஊருக்குக் கொண்டுவந்து எங்கள் குன்றின்மேல் புதைத்தோம். கிளெல் ஒரு மர நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஏறினார். மின்சாரம் இல்லாத ஸ்டீல் கிட்டார் கொசு பாடுவது போல இருக்கும். காற்று வேறு. பத்தடி தள்ளி நின்றவர்களுக்கு அவர் கை அசைவது மட்டும்தான் தெரிந்தது. எனக்குக் கேட்டது. அது அண்ணன் பாஞ்ஜோவில் வாசிக்கும் வேகப்பாட்டு. அதை அவர் மெதுவாக, தடுமாறித் தடுமாறி வாசித்தார். பாதியில் விரல் விறைத்து இரும்புத் துண்டு புல்லில் விழுந்தது. அவர் குனிந்து எடுக்கவில்லை. போதகர் ஜெபத்தை ஆரம்பித்துவிட்டார்.

இறங்கி வரும்போது சொன்னேன்.

"கதவுகிட்ட நின்னு கேட்டேன்."

அவர் கொஞ்ச தூரம் நடந்தார்.

"நாந்தானே உங்களைத் தடுத்தேன். பழியை ஏன் உங்க மேல போட்டுக்கிட்டீங்க?"

"அவனுக்கு மாப்ள இன்னொருத்தன் கிடைச்சிருப்பான். தங்கச்சி நீ ஒருத்திதானே, டெஸி."

அதற்குமேல் அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. ஒன்பது வருஷம் கழித்து ஒரு காலையில், கடையைத் திறந்து கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தபோது சரிந்து விழுந்தார். அவ்வளவுதான்.

லூலா இன்னும் டேடனில்தான் இருக்கிறாள். போன வாரம் ஃபோனில் பழைய கதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தோம். "அவருக்குக் கிளெல் மேலதான் வருத்தம் இருந்துச்சு. உன்மேல ஒரு நாளும் இல்ல" என்றாள். நான் ம் என்றேன். அங்கே பனி பெய்கிறதா என்று கேட்டேன்.