மைதானத்தைப் பூட்ட வைத்தவள்

மருந்துக்கடையில் மருந்து எடுத்துக் கொடுக்கும் அவளைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சிரப் அக்கா என்றால்தான் தெரியும். இருமிக்கொண்டு போய் நின்றால் போதும், டாக்டர் சீட்டைக் கையில் வாங்குவதற்கு முன்பே, "மழையில நனைஞ்சீங்களா?" என்று கேட்டுவிடுவாள். இல்லை என்றால் நம்பமாட்டாள். கால் சுளுக்கிக்கொண்டு வந்தவரிடமே, "ஈரத்துல நின்னிருப்பீங்க" என்றவள் அவள். பகலெல்லாம் பிறத்தியார் இருமலையே கேட்டுக்கொண்டிருந்தால் மனுஷிக்குப் புத்தி வேறு எந்தப் பக்கம்தான் போகும்?

சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பயத்துக்குக் காரணமும் இருந்தது. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் அந்தச் சின்ன விலா உள்ளே இழுத்துக்கொண்டதைப் பார்த்தவளுக்கு, அதன் பிறகு ஈரம் என்றாலே ஆகாது.

மகள் மூன்றாம் வகுப்புக்குப் போனபோதுதான் பள்ளிக்கூடத்து வழக்கம் அவள் காதுக்கு எட்டியது. தூறலோ, குளிரோ, இடைவேளை மணி அடித்தால் பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பிவிடுவார்களாம். வந்ததே கோபம் அக்காவுக்கு. பெற்றோர் கூட்டத்தில் எழுந்தவள் உட்காரவே இல்லை. "காய்ச்சல் வந்தா நீங்களா வந்து ராத்திரி பூரா முழிச்சிருக்கப் போறீங்க?" என்று தலைமையாசிரியையைப் பிடித்த பிடியில், மழையும் குளிரும் போகிறவரை மைதானக் கதவுக்குப் பூட்டு என்று முடிவாயிற்று. மற்ற பெற்றோர் தலையாட்டினார்கள். எதிர்த்துப் பேசி அவளிடம் யார் வாங்கிக் கட்டிக்கொள்வது?

வீட்டுக்காரர் பஸ் டிரைவர். கதையைக் கேட்டுவிட்டு, "நீ பேசினா என் பஸ்ஸே பயந்து ரிவர்ஸ்ல போகும்" என்றார். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் மழையும் விடவில்லை, குளிரும் விடவில்லை. ஒரு நாள் காலை மகள் ஸ்வெட்டரை மறந்து கட்டில்மேலேயே போட்டுவிட்டுப் போய்விட்டாள். அக்காவுக்குக் கடையில் கை ஓடவில்லை. முதலாளியிடம் சொல்லிவிட்டு, ஸ்வெட்டரைப் பையில் போட்டுக்கொண்டு தூறலில் விறுவிறுவென்று நடந்தாள். கேட்டுக்குள் நுழையும்போது இடைவேளை மணி அடித்து ஓய்ந்திருந்தது.

ஆனால் பள்ளிக்கூடத்தில் ஒரு சத்தம் இல்லை. லீவு விட்டுவிட்டார்களோ என்றுகூட நினைத்தாள். மாடிப்படி ஏறி, வகுப்புக் கதவைத் தள்ளித் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

வகுப்பு முழுக்கப் பிள்ளைகள் மேஜைமேல் தலையைக் கவிழ்த்துப் படுத்திருந்தார்கள். கண் மூடியிருந்தது. ஜன்னல் ஒன்றுவிடாமல் சாத்தியிருந்தது. உள்ளே மூச்சுச் சூடும் ஈரத்துணி நாற்றமும் முகத்தில் அடித்தன. அங்கே ஒரு பிள்ளை இருமியது, பதிலுக்கு இங்கே ஒன்று இருமியது. கடையில் நின்று அவள் கேட்கிற இருமலெல்லாம் இந்த அறையிலிருந்துதான் புறப்பட்டு வருகிறதோ என்று அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்ன மிஸ், பிள்ளைங்களுக்கு உடம்பு சரியில்லையா?"

வகுப்பு ஆசிரியை அந்த மாதம்தான் வேலைக்குச் சேர்ந்த பெண். "அதெல்லாம் இல்லைங்க. இடைவேளைதான். வெளிய விடக்கூடாதுன்னு உத்தரவு. உள்ள விட்டா ஓடிப் பிடிச்சு மண்டையை உடைச்சுக்கறாங்க. அதான் மணி அடிக்கிறவரைக்கும் இப்படிப் படுக்க வச்சிடறோம். நீங்க யாருங்க?"

அவள் வாய் திறப்பதற்குள் மகள் தலையைத் தூக்கினாள். அம்மாவைப் பார்த்தாள். முகம் வெளிறிவிட்டது.

"எங்க அத்தை மிஸ்" என்றாள்.

அவள் வீட்டுக்காரருக்கு உடன்பிறந்தது எல்லாம் ஆண்பிள்ளைகள். இல்லாத நாத்தனாராகத் தன்னை நிறுத்திவிட்ட மகளை அக்கா வெறித்துப் பார்த்தாள். அதற்குள், அக்காவை அதுவரை பார்த்தறியாத பக்கத்து ரெட்டைச் சடைக்காரி எழுந்து நின்றாள்.

"அத்தை, இவங்க அம்மாவைக் கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லுங்களேன். அவங்களாலதான் எங்களுக்கு கிரவுண்டே போச்சு. அதான் இவகூட நாங்க யாருமே பேசறதில்ல."

அந்தக் குழந்தை சண்டைக்கு நிற்கவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னது. தினமும் சாயங்காலம், "இன்னிக்கு யார்கூட விளையாடினே?" என்று கேட்பதும், "எல்லார்கூடயும்" என்று மகள் சொல்வதும் அக்காவுக்கு நினைவு வந்தது. அத்தனையும் பொய்யா? பெற்ற பெண் தினமும் முகம் பார்த்துப் பொய் சொல்லியிருக்கிறாள், தான் அதை நம்பிக்கொண்டு ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது.

"சொல்றேன் கண்ணு" என்று சொல்லி ஸ்வெட்டரை மேஜைமேல் வைத்துவிட்டு, நேராகத் தலைமையாசிரியை அறைக்குப் போனாள்.

"கதவைத் திறந்து விடுங்க மேடம்."

தலைமையாசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நீங்கதானேம்மா பூட்டச் சொன்னீங்க?"

"நான்தான் சொன்னேன். தப்பு என்மேலதான். கொட்டுற மழையில வேண்டாம், இடி இடிச்சா வேண்டாம். இந்தத் தூறலுக்கும் குளிருக்கும் விடுங்க. மாத்திக்க ஆளுக்கு ஒரு ஜோடி சாக்ஸ் பையில இருந்தா போதும்."

"நாளைக்குச் சளின்னு வந்து என் கழுத்தைப் பிடிப்பீங்களே."

"பிடிக்கமாட்டேன் மேடம். மருந்து என் கடையிலேயே இருக்கு."

அவர் சிரித்துவிட்டுச் சாவியைப் பியூனிடம் கொடுத்தனுப்பினார். அக்கா தெருமுனை திரும்பும்போது பின்னால் எழுந்த கூச்சல் கடைவரைக்கும் கேட்டது.

சாயங்காலம் மகள் ஷூவில் சேறும் தலையில் ஈரமுமாக வந்து நின்றாள். இத்தனை நாளும் இல்லாத களை அந்த முகத்தில் இருந்தது. அக்கா துண்டை எடுத்து அவள் தலையைத் துவட்டினாள்.

"அம்மா, எல்லாரும் என்னைச் சேத்துக்கிட்டாங்க. அத்தை போய்ப் பேசினதாலதான் கதவைத் திறந்தாங்கன்னு கிளாஸ் பூரா சொல்றாங்க."

"வந்தது அத்தை இல்ல, அம்மாதான்னு நீ சொல்லலையா?"

மகள் துண்டுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள். மெதுவாகக் கேட்டாள்: "அடுத்த மீட்டிங்குக்கும் நீ அத்தையாவே வர்றியாம்மா?"

"ஏன்டி, அம்மாவா வரக்கூடாதா?"

"அம்மாவை அவங்களுக்குப் பிடிக்காதும்மா."

கூட்டத்தையே வாயடைக்க வைத்தவள் மகளின் காதோரத்து ஈரத்தைத் துடைத்துவிட்டாள்.

"சரி, அத்தையாவே வர்றேன்" என்றாள்.