அண்ணி நிரப்பிக் கொடுத்த பாட்டில்

என் புத்தகத்தின் ஐந்தாவது அத்தியாயத்தை எடுத்துவிடச் சொல்லி மூன்று பேர் வந்தார்கள். முதல் இரண்டு பேரைக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். மூன்றாவது ஆள் என் சொந்த அண்ணன். அவரை அப்படி அனுப்ப முடியுமா?

நான் திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். கார்பனைப் பற்றித் தமிழில் என்ன இருக்கிறது என்று நூலகத்தில் தேடினால் பனிமலை உருகுகிறது, எங்கோ ஒரு தீவு மூழ்குகிறது, அதை விட்டால் வைரம். அடக் கடவுளே, எங்கள் ஊரில் கார்பனே கிடையாதா! லாரிப் பட்டறையில் எஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு "கார்பன் அடைச்சுக் கெடக்குதுங்க" என்கிறாரே மெக்கானிக், அது என்னவாம்? இஸ்திரிப் பெட்டிக்குள் கனல்வது என்னவாம்? யாரும் எழுதாவிட்டால் போகட்டும், நானே எழுதுகிறேன் என்று உட்கார்ந்தேன்.

நான்கு அத்தியாயம் சுலபமாக வந்தது. ஐந்தாவது எங்கள் தோட்டத்துக் கரிக்குழி. தேங்காய்த் தொட்டிகளை, அதாவது கொட்டாங்குச்சிகளை, குழியில் கொட்டித் தீ வைத்து, தகரத்தால் மூடி, காற்றுப் புகாமல் சுற்றிலும் மண் பூசுவோம். மறுநாள் திறந்து, தண்ணீர் ஊற்றிக் கனலை அணைப்போம். அந்தக் கரி, அதை வாங்கிப் பதப்படுத்தும் மில்லுக்குப் போய், குடிதண்ணீரைச் சுத்தம் செய்யும் ஃபில்டருக்குள் வைக்கிற பொருளாகிவிடும். குழியில் ஊற்றிய தண்ணீர் எங்கே போகிறது என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. நானும்தான் கேட்கவில்லை. அந்தக் குழி போட்ட சோற்றில்தான் வேதியியல் படித்தேன், வெட்கக்கேடு.

கேட்டது குழியில் வேலை செய்யும் அக்கா. அவர் வீடு எங்கள் தோட்டத்துக்குக் கீழ்ப்புறம், பள்ளத்தில். ஒரு நாள் தன் வீட்டுக் கிணற்றிலிருந்து ஒரு செம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். வரக்காப்பி நிறம். மூக்கருகே கொண்டுபோனால் புகை வாடை.

"ஏனுங் அம்மிணி, நீங்க பெரிய படிப்புப் படிச்சவங்க. என்ற மக மாசமா இருக்கறா. இதைய அவ குடிக்கலாமா கூடாதா, அத மட்டும் சொல்லுங்க" என்றார். பேசி முடிப்பதற்குள் இரண்டு தடவை இருமினார்.

அப்போதே கூடாது என்று சொல்லியிருக்க வேண்டும். படித்தவள் அல்லவா, சோதித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அக்காவின் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுபோனால், அவர்கள் கிணற்றைத் தூர் வாரவில்லை என்று அண்ணன் ஒரே பேச்சில் தள்ளிவிடுவார். குழிக்குப் பக்கத்திலேயே இருக்கும் எங்கள் கிணறே கெட்டுப்போயிருந்தால் அவரால் வாய் திறக்க முடியாது. பெரிய மூளைக்காரி மாதிரி அப்படித் திட்டம் போட்டேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால், கிணற்றுத் தண்ணீர் ஒரு பாட்டில் பிடித்துத் தரும்படி அண்ணியிடம் சொன்னேன். அவரும் துடைத்து மூடிக் கொடுத்தார்.

ஆய்வகத்திலிருந்து தாள் வந்தது. குடிக்கத் தகுந்த தண்ணீர்!

அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. குழியில் நின்றவர்கள் எல்லோருக்கும் அதைப் படித்துக் காட்டினார். "அம்மிணியே சொல்லியாச்சுன்னா அப்பறம் என்னங்க" என்று அக்கா போய்விட்டார். அவர் மகள் அந்தத் தண்ணீரையே குடித்தாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. மறு வாரம் அடுப்படியில் அண்ணியைப் பிடித்தேன். "அண்ணி, அன்னிக்குக் கெணத்துல சேந்தின தண்ணிதானுங்களே?"

"சேந்தினதுதான் அம்மிணி. ஃபில்டர்ல ஊத்தி, அப்பறந்தான் பாட்டல்ல புடிச்சேன். ஆபீசுக்குப் போற தண்ணியாச்சே! வெளி மனுசருக்குப் போயி அழுக்குத் தண்ணி குடுப்பாங்களா?"

அந்த ஃபில்டர் தீபாவளிக்கு மில்லில் கொடுத்தது. குழி வைத்திருக்கும் எல்லார் வீட்டிலும் ஒன்று இருக்கும். உள்ளே இருப்பது எங்கள் கரி. அண்ணியைத் திட்ட வாய் வரவில்லை. விருந்தாளிக்குத் தருகிற மரியாதையை அவர் தண்ணீருக்கும் தந்திருக்கிறார். என்னைத்தான் செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும். நேரே அக்கா வீட்டுக்கு ஓடி, "நான் சொன்னது தப்புங்க்கா, புள்ளைக்கு இதையக் குடுக்காதீங்க" என்றேன். இரண்டு கிணற்றிலும் என் கையால் சேந்தி ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன். இரண்டுமே குடிக்க ஆகாது என்று வந்தது. அன்றிலிருந்து அக்கா வேலை முடிந்து, பஞ்சாயத்துக் குழாய்க்குக் குடம் தூக்கிக்கொண்டு நடக்கிறார்.

இந்தத் தப்பையும் சேர்த்துத்தான் அத்தியாயத்தை எழுதினேன். அதற்குத்தான் அண்ணன் என் அறைக்கு வந்தார்.

"மொதல்ல வந்த தாளு நல்லாத்தான இருந்துது? அதையே போட்டுக்க. இல்லாட்டி இதைய எடுத்துப்போடு. குடும்ப மானம் போயிரும் அம்மிணி."

"மானம் போனாப் போகட்டுங்ணா. குழிக்கு அடியில தளம் போடுங்க, தண்ணி மண்ணுல எறங்காமப் பாருங்க. அதையும் எழுதறேன்."

"முடியாது."

"அப்பச் சரி. அக்கா ஊட்டுக் கெணத்துத் தண்ணிய ஒரு டம்ளர் குடிங்க. நீங்க குடிச்சுட்டா நான் எடுத்துப்போடறேன்."

இந்த வீம்பு எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அண்ணனிடமிருந்துதான் இருக்க வேண்டும். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அக்காவே போய்ச் செம்பில் கொண்டுவந்து நீட்டினார். அண்ணன் வாங்கினார். வாய்வரை கொண்டுபோனார். பிறகு விறுவிறுவென்று அடுப்படிக்குப் போய், செம்பை ஃபில்டரின் மேல் பாத்திரத்தில் கவிழ்த்தார். அது சொட்டுச் சொட்டாக இறங்கும்வரை நாங்கள் மூன்று பெண்களும் பார்த்துக்கொண்டே நின்றோம். குழாயைத் திருகி ஒரு டம்ளர் பிடித்து மடமடவென்று குடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"குடிச்சாச்சு. எடுத்துப்போடு."

நான் வாய் திறப்பதற்குள் அக்கா பேசினார். "அப்ப அந்த ஃபில்டர எங்கூட்டுக்குக் குடுத்துருங்க சாமி. என்ற மகளும் குடிப்பா."

அண்ணிதான் நகர்ந்தார். ஃபில்டரை மேடையிலிருந்து இறக்கி, ஈரம் துடைத்து, அக்காவின் இடுப்பில் வைத்துவிட்டார்.

அன்று மத்தியானம் அண்ணன் சாப்பிட உட்கார்ந்தபோது, அண்ணி எங்கள் கிணற்றுத் தண்ணீரை ஒரு டம்ளரில் மொண்டு இலைக்குப் பக்கத்தில் வைத்தார். அண்ணன் சாப்பிட்டு எழுந்த பிறகும் அந்த டம்ளர் நிறைந்தே இருந்தது. நான் அறைக்குள் போய் ஐந்தாவது அத்தியாயத்தின் கடைசியில் அதையும் எழுதினேன்.