தங்கையும் ஒரு வாரிசு

வீட்டுத் தரகர் அக்காவுக்கு ஊருக்குள் 'வில்லங்கம்' என்று பெயர். வீட்டைக் காட்டுவதற்கு முன்பே, "கூடப் பொறந்தவங்க எத்தனை பேரு? எல்லாருக்கும் சம்மதமா?" என்று குடைய ஆரம்பித்துவிடுவாள். காகிதமெல்லாம் சரியாக இருந்தாலும் விடமாட்டாள். ஒவ்வொரு வாரிசையும் நேரில் பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறவரிடம் வாய் திறப்பாள். இதனாலேயே எத்தனையோ பேரம் கைநழுவிப் போனது. அசரவில்லையே! அவளைக் கையெடுத்துக் கும்பிடத்தான் தோன்றுகிறது.

ஒருநாள் அவள் பிறந்த வீடே விலைக்கு வந்தது. அப்பா, அம்மா காலமாகிவிட்டார்கள். அண்ணனின் கடை மூழ்கிக்கொண்டிருந்தது. வீட்டை விற்றால்தான் அவர் தலைதூக்க முடியும். வாங்க வந்தவர் ஒரு பஸ் டிரைவர். அவர் மனைவி சமையலறை ஜன்னலைத் திறந்து திறந்து பார்த்துச் சிரித்தாள். எல்லாம் கூடிவந்த நேரத்தில் ஒரே ஒரு ஆள் பாக்கி. சொல்லாமல் கொள்ளாமல் கல்யாணம் செய்துகொண்டு போன தங்கை. அண்ணன் அவளைத் தலைமுழுகிவிட்டார். அக்காவும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

"அப்படி ஒருத்தி இல்லைன்னே எழுதிடு. யாரு வந்து கேக்கப்போறா?" என்றார் அண்ணன்.

"நாளைக்கு அவ பிள்ளைங்க கேட்டா, தெருவுல நிக்கப்போறது அந்த டிரைவர்தாண்ணே. நம்பி வாங்குறாரு. விக்கிறது நாம, பொறுப்பும் நாமதான்."

"அப்ப நான் தெருவுல நிக்கட்டுமா?"

அக்கா எழுந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

தங்கை குடியிருந்தது ஒரு லாண்டரிக் கடையின் மாடியில். ஊரார் கதவையெல்லாம் கூசாமல் தட்டியவளுக்கு அங்கே கை எழவில்லை. ஒருவழியாகத் தட்டினாள். தங்கை கதவைப் பாதிதான் திறந்தாள்.

"கையெழுத்துக்கா வந்தே?"

உன்னைப் பார்க்கத்தான் வந்தேன் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் பொய் சொல்லி விற்றுப் பழக்கமில்லை.

"ஆமா. மூணுல ஒரு பங்கு உன்னுது. நீ போடலேன்னா வீட்டை விக்க மாட்டேன்."

தங்கையின் குரல் உடைந்தது. "நானும் அந்த வீட்டுப் பொண்ணுதான்னு நீங்க சொல்ல, அதை விக்கணுமாக்கா?"

அக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மறைக்கவில்லை.

பதிவு நாளன்று தங்கை வந்து நின்றாள். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதிகாரி மூவரையும் மேஜையருகே கூப்பிட்டு, தங்கையைக் காட்டி அண்ணனிடம் கேட்டார்.

"இவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

அண்ணன் அக்காவைப் பார்த்தார். அவள் வாயே திறக்கவில்லை.

"தங்கச்சி," என்றார் அண்ணன். "என் கடைசித் தங்கச்சி."