கார்க்காரர் விட்டுப்போன சாமான்கள்

கடைத்தெரு முனையில் கால்சட்டை தைக்கும் தையல்காரருக்கு ‘உம்கொட்டி’ என்று பட்டப்பெயர். அளவு கொடுக்க வருகிறவர்கள் மருமகள் கதை, மூட்டுவலிக் கதை என்று எல்லாவற்றையும் அவரிடம் கொட்டுவார்கள். வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டிருப்பவர் வேறென்ன சொல்ல முடியும்? ‘உம்’ என்பார். நாளடைவில் வாயில் ஊசி இல்லாதபோதும் அதுவே பழகிப்போயிற்று.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த நண்பர் வாய் ஓயாதவர். தண்ணீர் வரி அலுவலகத்தில் எழுத்தர். எல்லோரும் அவரைக் கார்க்காரர் என்றே கூப்பிட்டார்கள். ஆனால் ஓடுகிற கார் ஒன்று அவரிடம் ஒருநாளும் இருந்ததில்லை. வேலைக்கு சைக்கிளில்தான் போவார். அவர் சேர்த்ததெல்லாம் பழைய கார்களின் உறுப்புகள். வீட்டை ஒட்டிய ஷெட்டில் அவை தகர டப்பாக்களிலும் சாக்குகளிலும் கூரை வரைக்கும் குவிந்திருந்தன. ஞாயிற்றுக்கிழமைதோறும் தையல்காரர் அங்கே போய் ஒரு பழைய டயர்மேல் உட்காருவார். கார்க்காரர் ஏதாவது ஒன்றைத் துடைத்தபடி பேசுவார். இவர் உம் கொட்டுவார். முப்பது வருஷ நட்பு அப்படியே ஓடிற்று.

ஒருநாள் கார்க்காரர் தூக்கத்திலேயே போய்விட்டார். அழுது ஓய்ந்த பிறகு, அவர் மனைவி யாரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தார். அறுபது வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, இரண்டாங்கை நீலக் கார் ஒன்றை வாங்கிவிட்டார். அதை நிறுத்த இடமில்லை. தையல்காரரை ஆள் அனுப்பி வரவழைத்தார்.

“தம்பி, வண்டி வெயில்ல காயுது. ஷெட்டைக் காலி பண்ணணும். பழைய கார் சங்கத்துல எல்லாத்தையும் எடுத்துக்கறாங்களாம். எது என்னன்னு மட்டும் எழுதிக் கட்டிவைக்கச் சொல்றாங்க. உங்களை விட்டா வேற யாருக்குத் தெரியும்?”

காரில் தையல்காரருக்குப் பெயர் தெரிந்தவை டயர், ஸ்டீயரிங், ஹாரன், அவ்வளவுதான். மற்ற பெயர்களெல்லாம் இந்தக் காதில் நுழைந்து அந்தக் காது வழியே போயிருந்தன. ஆனால் அண்ணியின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வாய் வரவில்லை. “பாத்துடலாம் அண்ணி” என்று சொல்லிவிட்டு, வெட்டி மிஞ்சிய வெள்ளைத்துணியில் சீட்டுகள் கத்தரித்துக்கொண்டு ஷெட்டுக்குள் நுழைந்தார்.

முதலில் கையில் வந்தது கரிய உருண்டை ஒன்று. தலையில் ஏழு ஓட்டை. திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெயர் வரவில்லை. ஆனால் அதை வாங்கிவந்த அன்று கார்க்காரர் சொன்ன கதை அப்படியே வந்தது. அவர் தும்மிய தும்மல்கூட ஞாபகம் இருந்தது. வேறு வழி தெரியாமல் அதையே சீட்டில் எழுதினார்: ‘டாக்டரம்மாவின் கறுப்புக் கார். மழை நாளில் பாலத்து நடுவில் நின்றுவிடும். டிரைவர் இதைக் கழற்றி வேட்டியில் துடைப்பார்.’

அதன்பின் வேலை மளமளவென்று நடந்தது. நாய் துரத்திய அன்று கிடைத்தது, கோழிக்கூண்டுக்குக் கதவாக இருந்தது என்று சீட்டுகள் பெருகின. மறுநாள் அண்ணி வந்து ஒரு விளக்கின் சீட்டை எடுத்து வாசித்தார். ‘மச்சினி கல்யாணத்தன்று வயிற்றுவலி என்று சொல்லிவிட்டுப் போய் வாங்கியது.’

தையல்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். அண்ணி இன்னொரு முறை வாசித்தார்.

“ரெண்டு நாள் மருந்து கலக்கிக் குடுத்தேனே. மொகத்தைச் சுளிச்சுக்கிட்டு குடிச்சாரே மனுஷன்.”

சிரிக்க ஆரம்பித்தவருக்குக் கண் நிறைந்துவிட்டது. தையல்காரர் குனிந்து, ஏற்கனவே கட்டிய முடிச்சையே மறுபடி கட்டிக்கொண்டிருந்தார். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அடுத்ததைக் கையில் எடுத்து, இதற்கு என்ன கதை என்று கேட்டார். அன்று பூராவும் தையல்காரர்தான் பேசினார். அண்ணிதான் உம் கொட்டினார்.

சனிக்கிழமை சங்கத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் பல் டாக்டர், மற்றவர் வக்கீல். சீட்டுகளைப் படித்ததும் வக்கீலுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பெயர் கேட்டால் புராணம் எழுதி வைத்திருக்கிறாரே என்றார். தையல்காரருக்குக் காது சிவந்தது. தனக்குக் கதைதான் தெரியும், காரைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று அண்ணி முன்னாலேயே சொல்லிவிட்டார். அது தனக்கு எப்போதோ தெரியும் என்றார் அண்ணி.

அதற்குள் வந்தவர்கள் சீட்டில்லாத ஒரு பித்தளைக் குழாயைப் பிடித்துக்கொண்டார்கள். பழங்கால ஹாரனின் வாய் என்றார் பல் டாக்டர். எண்ணெய் ஊற்றும் புனல் என்றார் வக்கீல். இருவரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. சத்தம் தாங்காமல் அண்ணி அதைப் பிடுங்கிப் பார்த்தார். செடிக்குத் தண்ணீர் ஊற்றும் பூவாளியின் மூக்கு. எத்தனையோ வருஷமாக அவர் தேடிக்கொண்டிருந்தது.

அதன்பின் இருவரும் கொஞ்சம் அடங்கினார்கள். பல் டாக்டர் அந்தக் கரிய உருண்டையை எடுத்துச் சீட்டை மெதுவாகப் படித்தார். இன்ஜினுக்குள் மின்சாரத்தைப் பங்குபோடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி அது என்று அவருக்குத் தெரிந்தது. எந்தக் காருடையது என்பதுதான் தெரியவில்லை.

“பாலத்துல நிக்குமா? எந்தப் பாலம்?”

“பழைய பாலம்ங்க. அந்தம்மா குடையோட எறங்கி நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போவாங்களாம்.”

பல் டாக்டர் சின்ன வயதில் அந்தக் காரைப் பின்னாலிருந்து தள்ளியவர்களில் ஒருவர். நனைந்த சட்டையோடு வீட்டுக்குப் போய் அடி வாங்கியிருக்கிறார். அந்தக் கார் என்ன ரகம், எத்தனை சிலிண்டர் என்று மூச்சுவிடாமல் சொன்னார். வக்கீல் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு ஒரு சாக்கின்மேல் உட்கார்ந்தார். ஒவ்வொன்றாகத் தையல்காரர் கதை சொல்ல, அவர்கள் யாருடைய கார் என்று பிடித்து, அதிலிருந்து உறுப்பின் பெயருக்கு வந்தார்கள். எல்லாம் சரியாக வந்ததென்று சொல்ல முடியாது. கோழிக்கூண்டுக் கதவுக்கு மட்டும் நாலு பெயர் விழுந்தது.

கடைசியில் ஒன்று மிஞ்சியது. உள்ளங்கை அகலம், நல்ல கனம், ஓரத்தில் ஒரு கொக்கி. அதற்குக் கதையும் இல்லை, பெயரும் இல்லை. சங்கத்துக்காரர்கள் அதை வேண்டாமென்று வைத்துவிட்டுப் போனார்கள். துணி பறக்காமலிருக்க ஆகும் என்று தையல்காரர் கடைக்குக் கொண்டுபோனார். பேன்ட் நீளம் குறைக்க வந்த வெளியூர்க்காரர் ஒருவர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இது காருடையதே இல்லை, படகுடையது என்று சொன்னார்.

கார்க்காரருக்கோ முழங்கால் தண்ணீரைப் பார்த்தாலே நடுக்கம். கடையைச் சாத்திவிட்டுத் தையல்காரர் நேராக அண்ணி வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். ஷெட்டில் காரைத் துடைத்துக்கொண்டிருந்த அண்ணி துணியை உதறினார்.

“சரி விடுங்க தம்பி. கார் ஆச்சு, அடுத்து படகுதான். நீச்சல் எங்க சொல்லிக் குடுக்கறாங்கன்னு விசாரிங்க.”